கலனுக்குப் போகும் வழி

1

சென்ற வாரம் எங்கள் தபால் பெட்டியில் நகராட்சியின் நீண்ட உறை ஒன்று கிடந்தது. ஜெர்மனிக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. இன்னும் அந்த உறையை வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பிரிக்க எனக்குப் பொறுமை இருக்காது. விசா விஷயமா, வரியா, குப்பையைத் தப்பான தொட்டியில் போட்டதற்குக் கண்டிப்பா என்று படிக்கட்டில் நின்றபடியே பிரித்துவிடுவேன். முதல் வரியையும் கடைசி வரியையும் அங்கேயே படிப்பேன். நடுவில் இருப்பதற்கு அகராதி வேண்டும்.

இந்தத் தடவை பயப்பட ஒன்றும் இல்லை. எங்கள் நகரத்துக் குப்பையை எரித்து மின்சாரமும், வீடுகளுக்குச் சூடும் தருகிற ஆலை ஒன்று ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. பாதி நகராட்சியுடையது, பாதி ஒரு தனியார் கம்பெனியுடையது. அதன் வருடாந்திர அறிக்கையைத்தான் அனுப்பியிருந்தார்கள். போன வருடம் ஒருநாள் சில மணி நேரம் புகை அளவு மீறிப் போனது, காரணம் இன்னது, சரிசெய்தது இப்படி என்று அவர்களே எழுதியிருந்தார்கள். கடைசியில் ஒரு படிவம். ஆலையைக் கண்காணிக்கும் குடியிருப்போர் குழுவுக்கு எங்கள் பகுதியிலிருந்து இரண்டு பேர் தேவை, விருப்பமிருந்தால் நிரப்பி அனுப்பவும்.

ஆறு வயது மகள் யாழினி கடிதத்தில் இருந்த படத்தைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து அங்கே கூட்டிக்கொண்டு போனதை ஜெர்மனில் சொல்ல ஆரம்பித்தாள். குப்பையை அள்ளும் பெரிய இரும்புக் கை, கண்ணாடிக்குப் பின்னால் அதை ஆட்டுகிற ஆள். நானும் ஜெர்மனில் குப்பை பற்றி ஒரு வாக்கியம் சொன்னேன். "அப்பா, தப்பு" என்று திருத்திவிட்டு விளையாடப் போய்விட்டாள். தமிழில் அவள் சொன்னது அந்த இரண்டு வார்த்தைதான்.

"உங்களுக்குத்தான் இதுலல்லாம் ஆர்வமாச்சே, எழுதிப் போடுங்களேன்" என்றாள் என் மனைவி செல்வி.

போடவில்லை. என் அம்மா இதே மாதிரி ஒரு குழுவில் இரண்டு வருடம் உறுப்பினராக இருந்தவள். அவளுக்கு நடந்ததை முதலில் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. ஊரில் இருப்பவர்கள் படிப்பதற்காக எழுதுகிறேன். ஊரின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

2

எங்கள் ஊர் திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகும் சாலையில் உள்ளே தள்ளி இருக்கிறது. கடற்கரைக்கும் எங்களுக்கும் அதிகம் சம்பந்தம் கிடையாது. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகி, முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை ஓட்டலும் ரிசார்ட்டும் எழும்பியபோது, அவர்கள் தட்டில் மிஞ்சியதை எங்கே கொட்டுவது என்ற கேள்வி வந்தது. எங்கள் ஏரிக்கு மேலே மாடு மேய்கிற புறம்போக்கு நிலம் இருந்தது. அதைப் பிடித்தார்கள்.

கொட்டுவது என்று சொல்லவில்லை. மின்சாரம் எடுப்பது என்றார்கள். உள்ளாட்சி நிலத்தையும் குப்பையையும் கொடுக்கும். கம்பெனி சொந்த முதலைப் போட்டு, சோற்றுக் கழிவை ஒரு பெரிய மூடிய கலனில் ஊறவைத்து, அதிலிருந்து வாயு எடுத்து, வாயுவில் மின்சாரம் எடுக்கும். எங்கள் தெருவிளக்கு அதில் எரியும். முப்பது வருடம் கழித்து எல்லாம் உள்ளாட்சிக்கே வந்துவிடும். எங்களுக்குச் சொன்னது இவ்வளவுதான். இவை எழுதியிருந்த ஒப்பந்தத்தை ஊரில் யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

அப்போது நான் மின்சாரப் பிரிவில் டிப்ளமோ முடித்து, சென்னையில் ஒரு பம்பு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டிய முதல் ஆள். கிராம சபையில் எழுந்து, "ஒப்பந்தத்தோட நகல் ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டேன். அதில் கம்பெனியின் தொழில் ரகசியம் இருக்கிறது, தர முடியாது என்றார்கள். உட்கார்ந்துவிட்டேன். படித்த பையன் கேள்வி கேட்டான் என்று ஊரில் ஒரு வாரம் பெருமையாகப் பேசினார்கள். கேட்டதோடு சரி. அடுத்த வருடம் கம்பெனி என்னை இங்கே அனுப்பியது.

ஆலையைக் கண்காணிக்க ஐந்து பேர் குழு போட்டார்கள். அதிகாரிகள் மூன்று பேர், வார்டு உறுப்பினர் ஒருவர், மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி ஒருவர். தலைவி என் அம்மா கன்னியம்மா.

3

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. மகளிர் குழு ஆரம்பித்த சமயத்தில் தலைவிக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 'ஏ. கன்னியம்மா' என்று எழுதிக் கொடுத்தேன். அப்பா ஏழுமலையின் 'ஏ'. நான்கு நாளில் பிடித்துக்கொண்டாள். அத்தோடு நிறுத்திவிட்டேன். எனக்குப் பரீட்சை இருந்தது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பது குழுவில் ஒருத்திக்கும் தெரியாது. ஏதாவது தாளை நீட்டினால் "கண்ணாடி எடுத்தாரல, வூட்ல போயி பாக்குறேன்" என்று வாங்கிவந்து என்னிடம் கொடுப்பாள்.

எங்கள் பக்கத்தில் எந்தக் கூட்டமானாலும் போனவுடன் நோட்டில் கையெழுத்து வாங்குவார்கள். கையெழுத்துக்கு மேலே முக்கால் பக்கம் வெள்ளையாக இருக்கும். என்ன பேசினார்கள் என்பதைப் பின்னால் ஒருவர் ஆற அமர எழுதி நிரப்புவார். கோயில் கூட்டம், பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டம் எல்லாம் இப்படித்தான். யாரும் இதைத் திருட்டுத்தனமாக நினைப்பதில்லை. வந்தவரை நிற்கவைத்து எழுதிக்கொண்டிருந்தால்தான் மரியாதைக் குறைவு. அம்மாவின் மகளிர் குழு நோட்டில் அந்த வெள்ளை இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தவனும் நான்தான்.

நான் இங்கே வந்தபிறகு, என் பள்ளித் தோழன் தேவராஜ் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் செல்போனை எங்கள் வீட்டுக்கு எடுத்துப்போவான். அப்படித்தான் அம்மாவிடம் பேசுவேன். கண்காணிப்புக் குழுவின் முதல் கூட்டத்துக்குப் போய்வந்த மறுநாள் பேசியது எனக்கு வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

"நைனா, துன்னியா?"

"ஆச்சும்மா. ரொட்டி."

"அது நாஸ்தா. சோறு எப்போ துன்னுவ? சரி வுடு. நேத்து கம்பெனில மீட்டிங்கு. ஏசி ரூமு, டீ, சமோசா. பட்டுப்பொடவ கட்டிகினு போயிருந்தேன். சூப்பரைசரு என் கையெழுத்த பாத்துட்டு, அச்சு மாரி கீது மேடம்னு சொல்றான்."

"எதுல போட்ட?"

"நோட்டுலதான். மேல ஒண்ணும் எழுதல. போடலாமில்ல?"

"அட்டெண்டன்ஸ்தானேம்மா. போடு" என்றேன்.

இரண்டு வருடம், மாதம் தவறாமல், அம்மா போட்டாள். அந்த அறையிலிருந்து டீ குடித்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்துவிடுவாள். பின்னால் போய்க் கலனைப் பார்க்க வேண்டும் என்று யாரும் கூப்பிடவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. பம்பு கம்பெனியில் ஓட்டம் சோதிக்கும் பிரிவில் வேலை செய்கிற எனக்கு, "அது ஓடுதாம்மா?" என்று ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லை.

4

இங்கே வந்த மூன்றாம் வருடம் விடுமுறையில் ஊருக்குப் போனேன். விமான நிலையத்துக்குத் தேவராஜ்தான் வந்திருந்தான். அவனுக்கு அந்தக் கம்பெனியில் குப்பை லாரி ஓட்டும் வேலை.

"மச்சான், உங்கம்மா பேரு டீக்கடையில நாறிகினு கீது, தெரியுமா?"

"இன்னாத்துக்கு?"

"அத்த வூட்ல போயி கேளு."

"நீயே சொல்லுடா."

வண்டி கேளம்பாக்கம் தாண்டியது. பிறகு சொன்னான். "டேங்கு ஓடி ஒரு வருசம் ஆவுது. நான் கொட்றது எல்லாம் ஏரி மோட்டுல. நெறஞ்சா கொளுத்துவானுங்க. மழ பேஞ்சா தண்ணி நேரா ஏரிக்கு. மாடு குடிச்சிட்டு கழியுது. தெருலைட்டு எரியுதேங்கிற? அது எப்பவும்போல கரண்டு ஆபீஸ் கரண்டு."

"இத்தனை நாள் ஏண்டா சொல்லல?"

"சொன்னா வேல போவும். அப்பறம் உன் ஜெர்மனி மாமனா சோறு போடுவான்?"

ஊரில் சிலர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருந்தார்கள். ஒப்பந்தத்தைக் கொடுக்கவில்லை. கண்காணிப்புக் குழுவின் கூட்டக் குறிப்புகளை நகலெடுத்துக் கொடுத்தார்கள். இருபத்திரண்டு தாள். அது டீக்கடையில் கைமாறிக் கைமாறி, நான் போனபோது மூலையெல்லாம் எண்ணெய்.

மத்தியானம் சாப்பிட்டபின் அம்மாவை உட்காரவைத்து முதல் தாளைப் படித்தேன். "உறுப்பினர் திருமதி ஏ. கன்னியம்மா அவர்கள் செரிப்புக் கலனை நேரில் பார்வையிட்டு, அதன் இயக்கம் குறித்து முழுத் திருப்தி தெரிவித்தார்கள்." அடுத்த தாளிலும் அதே வாக்கியம். தேதிதான் வேறு. ஏழெட்டுத் தாள் படித்ததும் அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எல்லாத்துலயும் அதேதானா?"

"அதேதான்."

"நான் எப்போடா அத்த பாத்தேன்? சமோசாதானே துன்னேன்."

அப்பா டிராக்டர் டிரைவர். கைநாட்டு. மூலையில் சாய்ந்திருந்தவர், "நான் கட்ட வெரலு வெக்கிறவன். வெக்கறதுக்கு முன்னாடி நாலு பேர படிக்க சொல்லி கேப்பேன். இவதான் படிச்சவளாச்சே" என்றார்.

அம்மா தாள்களை அடுக்கி என் பக்கம் தள்ளினாள். எனக்கும் சேர்த்துத்தான் அவர் சொன்னார்.

5

ஊரார் கலெக்டரிடம் மனு கொடுக்கத் தயாராக இருந்தார்கள். ஆனால் அந்த இருபத்திரண்டு தாள் குறுக்கே நின்றது. உங்கள் ஊர்ப் பெண்ணே பார்த்துத் திருப்தி என்று கையெழுத்திட்டிருக்கிறாரே என்று கம்பெனி ஒரே வார்த்தையில் முடித்துவிடும். மற்ற நான்கு பேர் வாயைத் திறக்கப்போவதில்லை. அம்மா, நான் பார்க்கவில்லை, எனக்குப் படிக்கத் தெரியாது என்று ஊர் முன்னால் சொன்னால்தான் அந்த மனுவுக்கு உயிர். சொன்னால் குழுத் தலைவி பதவி போய்விடும். பத்து வருடமாகக் கண்ணாடியைச் சாக்கு சொல்லிக் காப்பாற்றிவந்த பெயரும் போகும்.

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். உடல்நிலை காரணமாகக் கண்காணிப்புக் குழுவிலிருந்து விலகுகிறேன் என்று நல்ல தமிழில் அம்மா பெயரில் ஒரு கடிதம் எழுதினேன். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு, பேனாவை நீட்டினேன்.

"இதுல இன்னா எழுதிக்கிற?"

படித்துக் காட்டினேன்.

"எனுக்கு ஒடம்புக்கு இன்னா? நல்லாத்தானே கீறேன்."

"அப்படி எழுதினாதாம்மா உனக்குப் பிரச்சினை வராது."

"அவனும் நான் பாக்காதத பாத்தேன்னு எழுதனான். நீயும் எனுக்கு இல்லாத நோவ எழுதற. அவன் சமோசா குட்த்தான், நீ அதுவும் குடுக்கல."

கடிதத்தை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தாள்.

திங்கட்கிழமை மனு நாள். அப்போது எங்களுக்குக் கலெக்டர் ஆபீஸ் காஞ்சிபுரத்தில். தேவராஜ் லீவு போட்டுவிட்டு வேனில் வந்தான், யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று தலையில் துண்டு. மகளிர் குழுப் பெண்களும் ஆறேழு பேர் வந்தார்கள். பெரிய கூடம், மெல்ல நகரும் வரிசை, ஒவ்வொரு கையிலும் மனு. எங்கள் முறை வந்ததும், மேசையில் இருந்த அதிகாரி நகல்களைப் புரட்டிவிட்டு, "இதுல இருக்கிற கன்னியம்மா யாரு?" என்றார்.

"நான்தான் சார்."

"இது உங்க கையெழுத்துதானே?"

"கையெழுத்து என்னுது சார். மேல எழுதிக்கிறது என்னுது இல்ல. நான் போடும்போது அது வெறும் தாளு. எனுக்குப் படிக்கவும் வராது. எம்புள்ள பேர் போட மட்டும் கத்துக்குட்த்தான்."

பின்னால் நின்ற குழுப் பெண்களில் ஒருத்தி, "அப்ப கண்ணாடி?" என்று மெல்லக் கேட்டது எனக்குக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டிருக்கும். திரும்பவில்லை. அதிகாரி மனுவில் ஏதோ குறித்து, விசாரணைக்கு ஆள் வருவார் என்று சொல்லி அனுப்பினார். திரும்பும்போது வேன் வாலாஜாபாத்தில் நின்றது. ஒருத்தி இறங்கி வேர்க்கடலை வாங்கிப் பிரித்து முதலில் அம்மாவிடம் நீட்டினாள். அதற்கு அடுத்த வாரமே குழுவுக்கு வேறு தலைவியையும் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டையும் செய்தது அதே பெண்கள்தான்.

6

இங்கே எல்லாம் ஒழுங்கு, அங்கே எல்லாம் கோளாறு என்று எழுத நான் வரவில்லை. அறிக்கையைப் படித்தபிறகு, இந்த ஊர் ஆலையின் ஒப்பந்தத்தைப் பார்க்க முடியுமா என்று நகராட்சிக்குப் போய்க் கேட்டேன். கேட்பதற்கான வாக்கியத்தை டிராமில் பத்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அங்கிருந்த அம்மாள் ஒரு தடிமனான கோப்பைக் கொண்டுவந்து வைத்தார். எனக்கு ஏதோ சாதித்த மாதிரி இருந்தது. திறந்தால் பாதி வரிகள் கறுப்பு மையால் மூடியிருந்தன. தொழில் ரகசியம் என்றார். கிராம சபையில் கேட்ட அதே வார்த்தைதான், வேறு பாஷையில்.

ஒரு வித்தியாசம் உண்டு. எந்த வரியை ஏன் மூடினார்கள் என்று பக்கத்தின் ஓரத்தில் காரணம் எழுதியிருந்தது. ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆட்சேபிக்க ஒரு படிவம் இருந்தது. இதுவரை எத்தனை பேர் ஆட்சேபித்திருக்கிறார்கள் என்று கேட்டேன். அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்து, கோப்பைக் கேட்டு வந்ததே நீங்கள் இரண்டாவது ஆள் என்றார். ஆக, திறந்து வைத்தாலும் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். குழுவுக்கான படிவத்தை அன்றைக்கு அங்கேயே நிரப்பிக் கொடுத்துவிட்டேன். யாழினி கேட்டதற்கு, "அந்த இரும்புக் கை ஒழுங்கா வேலை செய்யுதான்னு அப்பா போய்ப் பாக்கணும்" என்றேன். தன்னையும் கூட்டிப்போக வேண்டும் என்றாள், தமிழில்.

7

மனு கொடுத்த பத்தாம் நாள் விடுமுறை முடிந்து நான் கிளம்பிவிட்டேன். விசாரணை அதற்குப் பிறகுதான் நடந்தது. அதன் முடிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்கு நோட்டீஸ் போனது. ஏரி மேட்டில் கொட்டுவது நின்றது. பழைய மேடு அப்படியே இருக்கிறது, அதை யார் அள்ளுவது என்று இன்னும் கடிதப் போக்குவரத்து நடக்கிறது. ஒப்பந்தத்தை உள்ளாட்சி அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம் என்று உத்தரவானது. கலன் சில மாதம் ஓடுகிறது, சில மாதம் நிற்கிறது. குழுவின் கூட்டம் இப்போது ஏசி அறையில் இல்லை, கலனுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் நடக்கிறது. இதில் எதுவும் அம்மாவுக்குப் பழைய பதவியைத் திருப்பித் தரவில்லை.

விசாரணை நாளன்று என்ன நடந்தது என்பதைத் தேவராஜ் போனில் சொன்னான். அவன் லாரி அப்போது கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தது.

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஜீப் வந்தது. வந்த அதிகாரி ஊருக்குள் ஆளனுப்பி அம்மாவை வரவழைத்தார். இந்தத் தடவை பட்டுப்புடவை இல்லை. களையெடுத்துக்கொண்டிருந்த சேலையிலேயே வந்தாள்.

"இருபத்திரண்டு தடவை நீங்க கலனைப் பாத்ததா நோட்டுல இருக்கு. ஒரு தடவைகூடப் பாக்கலன்னு மனுவுல சொல்றீங்க. நான் எதை நம்பறதும்மா?"

"தெரில சார்."

"சரி. கலன் எங்க இருக்கு? வழி காட்டுங்க."

சூப்பர்வைசர் முன்னால் வந்து, "நான் காட்றேன் சார்" என்றான்.

"நீங்க இங்கயே நில்லுங்க."

அம்மா முன்னே நடந்தாள். அந்த அறையைத் தாண்டி அவள் போனது அதுதான் முதல் தடவை. அறைக்குப் பின்னால் இடதுபக்கம் திரும்பி, ஜெனரேட்டர் ஷெட்டைத் தாண்டி, ஏணி வைத்த ஒரு சிமெண்டுத் தொட்டியின் முன்னால் போய் நின்றாள்.

"இதான் சார்."

"மச்சான், அது கக்கூஸ் தண்ணி டேங்கு" என்றான் தேவராஜ். "நெஜ டேங்கு அந்தாண்ட, வலப்பக்கம். மேல கொடி படந்து போயி கீது, பாத்தா ஏதோ மேடுன்னு நெனப்ப. நான் சிரிச்சிருக்கணும். சிரிப்பு வர்ல. சூப்பரைசரு மூஞ்ச பாத்தேன், பேயறஞ்ச மாரி நிக்கிறான். அது இல்ல, இதுன்னு அவன் சொல்ல முடியுமா? சொன்னா இருவத்திரண்டு தாளும் பொய்யின்னு அவனே சொன்னாப்புல ஆவும்."

அதிகாரி தொட்டியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா. இதுவா?"

அம்மாவுக்கு ஏதோ தப்பு என்று புரிந்துவிட்டது. "எனுக்கு தெரிஞ்சது அந்த ரூமும் டீ கிளாசும்தான் சார். டேங்குன்னாங்க, இப்டிதான் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

அவர் ஜீப்பின் பானட்மேல் தாளை வைத்து எழுதினார். எழுதி முடித்ததும் அம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, "உறுப்பினருக்குக் கலன் இருக்கும் இடம் தெரியவில்லை. வேறொரு தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார்" என்று படித்துக் காட்டினார். சுற்றி வேலையாட்கள், சூப்பர்வைசர், கேட்டில் எட்டிப் பார்க்கிற ஊர் ஜனம்.

"சரியாம்மா?"

"இன்னொரு தபா படிங்க சார்" என்றாள் அம்மா.

அவர் முதலிலிருந்து நிறுத்தி நிறுத்திப் படித்தார். அம்மா ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். அவர் முடித்த பிறகுதான் பேனாவுக்குக் கையை நீட்டினாள்.